தட்டக் கற்றுக்கொடுத்த கைகளுக்கு நன்றி

எங்கள் மகனுக்கு அடுத்த வாரம் ஒரு வயது நிறைகிறது. அதற்குள் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் இவரும் பேசி வைத்திருந்தோம்.

இரண்டாம் மாதத்திலிருந்தே விடாத இருமல். பால் நன்றாகக் குடிப்பான், எடை ஏறாது. மூன்று இடங்களில் காட்டினோம். வெறும் சளிதான் என்று மருந்தை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். முத்தம் கொடுத்தால் பிள்ளையின் கன்னம் உப்புக் கரிக்கிறது என்று முதலில் சொன்னது என் அம்மாச்சி. அதைக் காதில் வாங்கிய ஒரே டாக்டர் நீங்கள்தான், சார். அன்றே வியர்வைப் பரிசோதனைக்கு எழுதினீர்கள். வியர்வையின் உப்பைக் காட்டும் குளோரைடு அளவு 60-ஐத் தொட்டாலே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் என்றார்கள், அவனுக்கு 94. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும், இதில் யார் மேலும் தப்பில்லை என்று எங்களை உட்காரவைத்துச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

எங்கள் பிசியோ மேடம், உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த நோயில் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிவிடும், தினமும் இரண்டு வேளை நெஞ்சிலும் முதுகிலும் தட்டி எடுக்க வேண்டும் என்றதும் எனக்குக் கை நடுங்கியது. நாலு கிலோ பிள்ளையை எப்படித் தட்டுவது? தண்ணீர் அள்ளுவதுபோல் கையைக் குழிக்கச் சொல்லி, முதலில் என் தொடையிலேயே தட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். கை தட்டையாகப் பட்டால் சுரீர் என்கிறது; குழித்துத் தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம்தான், வலியே இல்லை. அந்தச் சத்தம் சரியாக வரும்வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். பால் கொடுக்கும் முன்பே தட்ட வேண்டும், தலையைக் கீழே சாய்க்கக் கூடாது, எதுக்களித்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

"பச்சப்புள்ளையப் போட்டு அடிக்கிறாளே" என்று என் மாமியார் அழுதார். அவரையும் வரவழைத்து, அவர் முதுகிலேயே தட்டிக் காட்டினீர்கள். இப்போது சாயங்கால வேளை அவருடையது. ஒரு தாலாட்டு முடிந்தால் ஒரு பக்கம் முடிந்தது என்று கணக்கு.

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் விட்டுப்போனதைப் பயந்து பயந்துதான் சொன்னேன். வேறோர் இடத்தில் இப்படி எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டது, "சரி, நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்று. அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, மேடம். அப்புறம் இவரை லீவு போட்டு வரச் சொல்லி, அவருக்கும் கற்றுக்கொடுத்தீர்கள்.

விடிகாலை பஸ்ஸுக்கு நாலரைக்கே ஆட்டோவோடு வந்து நிற்கும் அண்ணனுக்கும் நன்றி. இதே நோய் உள்ள பிள்ளைகள் கிட்ட வந்தால் ஒருவர் கிருமி இன்னொருவருக்குத் தொற்றும் என்பதால், நேரில் பார்க்காமல் போனிலேயே எனக்குத் தைரியம் சொல்லும் அந்த அக்காவுக்கும் நன்றி.

இப்போது பெரிய பந்தின் மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு குதிக்கவிடுகிறோம். சிரிக்கிறான், சிரிப்போடு இருமல் வருகிறது, சளியும் வந்துவிடுகிறது. போன வாரம் எடை 7 கிலோ 800 கிராம். மேடம், புதன்கிழமை கேக்கோடு வருகிறோம். அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அவன் அம்மாவும் அப்பாவும்