தபால் பெட்டியில அப்பா பேரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு போன வாரம் உங்க பேப்பர்ல வந்திருந்தத படிச்சேன், பருப்புப்பொடி, குக்கர் கேஸ்கெட், தெர்மல் எல்லாம் சரிதான், ஆனா முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. பேரு. சிரிக்காதீங்க. ஆபீஸ் ப்ராஜெக்டுக்காக நான் பெர்லின் வந்து பதினோரு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு வருஷம் இருக்கணும், இங்க நான் பட்ட பாட்டுல பாதி பேராலதான்.

இந்த ஊர்ல பெரும்பாலும் வீட்டுக்குக் கதவு நம்பரே கிடையாது. தெரு பேரு, பில்டிங் நம்பர், அவ்வளவுதான். உள்ள இருபது குடித்தனம் இருந்தாலும் காலிங்பெல்லுலயும் தபால் பெட்டியிலயும் குடும்பப் பேர ஒட்டி வச்சிருப்பாங்க, போஸ்ட்மேன் அதப் பாத்துத்தான் போடுவாரு, பேரு இல்லேன்னா லெட்டர் வந்த வழியே திரும்பிப் போயிடும். இது தெரியாம நான் பாட்டுக்கு பழைய குடித்தனக்காரர் பேரோடயே பெட்டிய விட்டுட்டேன்.

எல்லாம் போன்ல ஓடிபி மாதிரி வந்துடும்னு நெனச்சு வந்தவன் நான். இங்க எல்லாமே காகிதம். குடி வந்து 14 நாளுக்குள்ள பியூர்கர்அம்ட்னு ஒரு ஆபீஸ்ல போயி அட்ரஸ பதியணும், ஓனர் கையெழுத்து போட்ட தாள் வேணும், அதுக்கப்புறம்தான் 11 இலக்க வரி நம்பர் வரும், அதுவும் தபால்ல. பேங்க் கார்டு ஒரு கவர்ல, பின் நம்பர் இன்னொரு கவர்ல, இன்ஷூரன்ஸ் கார்டு வேற. மூணு வாரம் காத்திருந்து காத்திருந்து பேங்குக்கே போயி கேட்டா, பின் நம்பர் அனுப்பியாச்சு, அந்த அட்ரஸ்ல அப்படி யாரும் இல்லேன்னு திரும்பி வந்துடுச்சுங்கறாங்க. நான் அந்த வீட்டுலதான் சார் தூங்கி எந்திரிக்கேன்!

பிரிட்ஸ் ஏரியாவுல ஈழத்தமிழங்க கட்டின மயூரபதி முருகன் கோயில் இருக்கு, அங்க போயி புலம்புனப்ப ஒரு அண்ணன், முப்பது வருஷத்துக்கு மேல இங்கயே இருக்கறவரு, சொன்னாரு, "தம்பி, முதல்ல தபால் பெட்டியில பேரை ஒட்டுங்கோ. பேந்துதான் மற்றதெல்லாம்." இத எங்க ஹெச்ஆர் கூட சொல்லல.

சரி ஒட்டலாம்னா எந்தப் பேர? எனக்கு ஏது குடும்பப் பேரு, இனிஷியல்தான் இருக்கு. பாஸ்போர்ட் எடுக்கும்போது ஏஜென்ட் சர்நேம் கட்டத்துல அப்பா பேர போட்டுட்டாரு, அதனால இந்த நாட்டுக்கு நான் சுப்பையா. பேப்பர்ல எழுதி டேப் போட்டு ஒட்டினேன், தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டின கோவில்பட்டிக்காரனுக்கு இது பெரிய வேலையா, ஆனா பில்டிங்க பாத்துக்கற ஆளு மறுநாளே அதக் கிழிச்சுட்டு எல்லா பெட்டிக்கும் ஒரே மாதிரி இருக்கற பட்டையில அடிச்சு மாட்டிட்டாரு. அன்னைலேர்ந்து லெட்டரா கொட்டுது. வந்த மொத லெட்டரு, டிவி இருக்கோ இல்லையோ டிவி, ரேடியோ கட்டணம்னு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டணும்னு. அது மட்டும் கரெக்டா வந்துடுச்சு.

மத்ததெல்லாம் பழகிடும். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, பால் வேணும்னா பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகணும், அன்னைக்கு காலி கண்ணாடி பாட்டில அதுக்குன்னு இருக்கற தொட்டியில போட்டா கூட சத்தம்னு மொறைப்பாங்க. பிளாஸ்டிக் பாட்டில திருப்பிக் குடுத்தா 25 சென்ட், அதுக்குன்னு ஒரு மூட்டை சேத்து வச்சிருக்கேன். டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதுவும் பழகிடுச்சு. பேரு விஷயம் மட்டும் பழகல.

டாக்டர்கிட்ட போயிருந்தேன், வெயிட்டிங் ரூம்ல யாரு உள்ள வந்தாலும் உக்காந்திருக்கற எல்லாருக்கும் பொதுவா வணக்கம் சொல்லிட்டு உக்காருவாங்க, நல்ல பழக்கம், நானும் சொல்லிட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல ஒரு அம்மா வந்து "ஹெர் ஸுப்பையா"னு கூப்புடுது, ஹெர்னா மிஸ்டர். அட நம்ம அப்பா பேரு மாதிரியே இருக்கேனு நெனச்சுக்கிட்டு போன நோண்டிட்டு இருக்கேன். மூணாவது தடவை எல்லாரும் என்னையவே பாத்தப்பதான் புரிஞ்சுது. எங்க வீட்டுல அப்பா பேர சத்தமா சொன்னது தாத்தா ஒருத்தர்தான், இங்க பக்கத்து வீட்டுச் சின்னப்பய கூட அப்பா பேரச் சொல்லி என்னய கூப்புடுறான்.

அதனால கெளம்பறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல என்ன இருக்குனு ஒரு தடவை பாத்துக்கங்கனு அடுத்த தடவை அந்தப் பகுதியில ரெண்டு வரி சேத்துப் போடுங்க. எங்க டீம்ல ஒருத்தருக்கு அந்தக் கட்டமே காலி, அவர் பாடு என்னய விட மோசம்.

நாலு மாசம் முன்னாடி மனைவி வந்தாங்க. அவங்க பாஸ்போர்ட்ல அவங்க அப்பா பேரு. அத ஒட்டலேன்னா அவங்க லெட்டரும் திரும்பிப் போயிடுமே, அதனால இப்ப ஒரே பெட்டியில சுப்பையா, கீழ பொன்ராஜ். கல்யாணத்தன்னைக்கு பந்தி விஷயத்துல மொறைச்சுக்கிட்டு அதுலேர்ந்து சரியாப் பேசிக்காத சம்பந்திங்க ரெண்டு பேரும் பெர்லின்ல ஒண்ணா ஒட்டிக்கிட்டு நிக்காங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பினேன். மாமா கட்டைவிரல் போட்டாரு. அப்பா போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "மேல இருக்கது என் பேருதானடே?"

இப்படிக்கு,
சு. கதிரவன்,
பெர்லின்