மர வாளி ஊறுகிறது

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு, "அப்புறம் சொல்கிறேன்" என்று சட்டென்று வைத்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது, அதனால்தான். ஆமாம், கோட்டைப் பக்கத்துச் சந்தில் இருந்த நம் ஐஸ்கிரீம் கடையை மூடிவிட்டார்கள். பெரியவருக்குப் பிறகு அவர் மகன் இத்தனை வருடம் நடத்தியதே பெரிய விஷயம். பெயர்ப்பலகையைக் கழற்றும்போது நானும் நின்று பார்த்தேன். 1989-இல் மாவட்டத்தையே பிரித்தாயிற்று. பலகையில் மட்டும் 'வேலூர், வட ஆற்காடு' என்று கடைசிவரை அப்படியே இருந்தது.

கோட்டைக் கோயிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்த 1981-இல் எனக்கு எட்டு வயது. அதுவரை சத்துவாச்சாரியில் இருந்தவர் அவர். அந்த வருடம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நைனா என்னைக் காட்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அழைத்து வந்தார். பாலாற்றுப் பாலத்தின் மேல் வரும்போது கீழே வெறும் மணல்தான்; அனல் முகத்தில் அறைந்தது. சாமி கும்பிட்டுவிட்டு நேரே அந்தக் கடைக்குப் போனோம். வருடத்துக்கு ஒரு தடவைதான் அது நடக்கும். அதற்காகவே நான் கணக்குப் பாடம் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடையின் பின்கட்டில் அப்போது மிஷின் கிடையாது. மர வாளி, அதன் நடுவே மூடி போட்ட உருளை டப்பா, மேலே கைப்பிடி. வாளிக்கும் டப்பாவுக்கும் இடையே உடைத்த ஐஸையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவார் பெரியவர். உப்பு எதற்கு என்று கேட்டேன். நைனா என் விரலைப் பிடித்து வாளிக்குள் தொடவைத்தார், சுரீரென்று இழுத்துக்கொண்டேன். உப்புப் பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும், கரைவதற்கு வேண்டிய சூட்டைப் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், அதனால்தான் பால் உறைகிறது என்றார். வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நின்றுவிடும். உப்புச் சேர்ந்தால் அதற்குக் கீழே இருபது டிகிரி வரைகூடப் போகும் என்று பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது, எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது. சுற்றுவதை நிறுத்தினால் ஐஸ் நறநறவென்று பல்லில் மாட்டும் என்று பெரியவர் கை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே இருப்பார். பால், சர்க்கரை, ஏலக்காய், அவ்வளவுதான். சித்தூர்ப் பக்கமிருந்து பங்கனப்பள்ளி வந்து இறங்கும் மாதத்தில் மாம்பழம் சேரும்.

நீ அறிந்த கடையில் மிஷின் வந்துவிட்டிருந்தது. ஆனால் ஒரு நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2004, உனக்கு ஆறு வயது. பக்கத்து மேஜையில் ஆஸ்பத்திரிக்காக ஊரைவிட்டு வந்திருந்த வங்காளக் குடும்பம் ஒன்று. பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். தலையில் முடியே இல்லை. ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்துக் கப்பைத் தள்ளிவிட்டான். வாயெல்லாம் புண். அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கல்லாவிலிருந்து பெரியவர் எழுந்து வந்தார். கப்பைக் கையில் வாங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தார். பிறகு கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திக் குழைத்து, கூழ்போல ஆக்கிக் கொடுத்தார். "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெதுவாக என்று அர்த்தம். வந்துபோகிறவர்களிடம் கற்றுக்கொண்ட வங்காளம். பையன் முழுவதையும் சாப்பிட்டான். நீதான், "அவனுக்கு மட்டும் ஏன் கரைத்துக் கொடுக்கிறார், எனக்கும் வேண்டும்" என்று அழுதாய். பெரியவர் முகம் கோணாமல் உன் கப்பையும் வாங்கிக் குழைத்துக் கொடுத்தார். அன்றைக்கு உன்னை அதட்டிவிட்டேன். அதட்டியிருக்கக் கூடாது கண்ணு. உனக்கு என்ன தெரியும்.

சாமான்களைக் கழித்துக்கட்டியபோது அந்த மர வாளி பரணிலிருந்து வந்தது. விலை கேட்டேன்; மகன் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். டப்பா நன்றாகவே இருக்கிறது. பல் சக்கரம் இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு இளக்கியிருக்கிறேன். வாளிதான் காய்ந்து, பலகைகள் விலகி, ஊற்றிய தண்ணீர் அரை மணியில் தரையெல்லாம் ஓடிவிட்டது. மரம் ஊறினால் உப்பிச் சேர்ந்துகொள்ளும் என்றார் மகன். தினமும் காலையும் மாலையும் நிரப்பிக் கொல்லையில் வைக்கிறேன்.

கத்திரி தொடங்குவதற்குள் லீவு போட்டுவிட்டு வா. கல்லுப்பு இங்கே இருக்கிறது, பாலுக்குச் சொல்லிவிடுகிறேன். நீ சுற்று, நான் ஐஸ் உடைத்துப் போடுகிறேன்.

இன்று ஐந்தாம் நாள். காலையில் ஊற்றிய தண்ணீர் சாயந்திரம் பார்த்தபோது பாதிக்கு மேல் நிற்கிறது.

அன்புடன்,
அம்மா