பெயரை மட்டும் வாசித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களில் இருக்கும் நம்மவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டு விருந்தில் நடந்த ஒன்று இன்னும் மனத்தை அறுக்கிறது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி என்று அறிவித்தார்கள். திரையில் நான்கு படங்கள் வந்து போயின. பெயர்களை வாசித்தவர் சங்கத்துக்குப் புதியவர். ஓர் அண்ணனின் பெயரைத் தப்பாக வாசித்துவிட்டார். எழுந்து நின்றோம். ஒரு நிமிட மௌனம் அரை நிமிடத்தில் முடிந்தது, சாப்பாடு வந்துவிட்டது. அந்த அண்ணனின் மனைவி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தட்டில் கையே வைக்கவில்லை. "அவர் பேரைக்கூடச் சரியாச் சொல்லலையே தம்பி" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பட்டியலைச் சரிபார்த்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல், ஓரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஞாயிறு தவறாமல் சாப்பாடு கொண்டுபோனவர் அந்த அண்ணன். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். புளோக் எண், வீட்டு எண், எதிரே பேனாவில் குறிப்பு: "இனிப்புநீர் நோய், பாயசம் வேண்டாம்." "பல் இல்லை, சோறு குழைய வேண்டும்." "காது கேட்காது, ஜன்னல் பக்கம் போய்க் கை காட்டவும்." அவர்களில் யாராவது காலமாகிவிட்டால் பெயரை அடிக்க மாட்டார். பக்கத்தில் தேதியை மட்டும் எழுதி வைப்பார். தமக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத மனிதர்களையே அப்படி மதித்தவருக்கு நாங்கள் கொடுத்தது அரை நிமிடம்.

சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். நம்மில் பெரும்பாலோரை மண்டாயில் தகனம் செய்து அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். சுவா சூ காங்கில் 2021ல் திறந்த அஸ்தி தூவும் பூங்காவிலும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. புதைத்தாலும் 15 ஆண்டுதான், அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். நிலம் குறைவு, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் போய் நின்று பெயரைப் படிக்க ஓர் இடம் இல்லாதபோது, அந்தப் பெயரைக் காப்பாற்றும் வேலை கூட இருந்த மனிதர்களுக்கு வந்துவிடுகிறது. குடும்பம் திதி கொடுக்கும். அவர் வெளியில் செய்ததைச் சங்கம்தானே சொல்ல வேண்டும்?

நம் முன்னோர் நடுகல்லில் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வீரன் எந்த ஆநிரையை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, மீட்கப் போய் விழுந்தான் என்பதையும் சேர்த்தே செதுக்கினார்கள். எங்கள் அஞ்சலிகளில் இல்லாதது அதுதான். லயன்ஸ் சங்கங்களில், 1917ல் அந்த இயக்கத்தைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் பெயரால் ஒரு கௌரவம் உண்டு. ஆயிரம் அமெரிக்க வெள்ளி நன்கொடை கொடுத்து, மறைந்தவர் நினைவாகவும் அதை வழங்கலாம். நல்ல விஷயம்தான், முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் அண்ணனின் பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டியது அந்த நோட்டில் இருக்கிறது.

அதனால் சங்கங்களிடம் கேட்கிறேன். மறைந்தவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். அவரோடு களத்தில் நின்ற ஒருவர் எழுந்து, பொதுவாக "சிறந்த சேவையாளர்" என்று சொல்லாமல், அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை விவரமாகச் சொல்லட்டும். முதல் நாளே குடும்பத்தாரிடம் போனில் பெயரைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் ஒருமுறை சொல்லுங்கள். எதிரே பாட்டி உட்கார்ந்திருப்பார். சொன்னதை எழுதி ஒரு பதிவேட்டில் சேருங்கள். ரோட்டரி இங்கே 1930ல் வந்தது, லயன்ஸ் 1958ல். தொடக்கக் காலத்தில் உழைத்தவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கே இப்போது எண்பதுக்கு மேல் வயது. நேரம் அதிகம் இல்லை. எங்கள் சங்கத்தின் இளையர்கள் கைத்தொலைபேசியில் இவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யத் தயாராக இருக்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை, அதை நாங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அண்ணனின் நோட்டை அவர் மனைவி சாமி மாடத்தில் வைத்திருக்கிறார், அதனால் தப்பியது. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. வீடு மாறும்போது பழைய பேட்ஜ், சங்கச் சட்டை, ரத்ததான முகாம் படங்கள் எல்லாம் ஒரே பையில் போய்விடுகின்றன. பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து சங்கச் செயலாளருக்கு ஒரு போன் போடுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேவைச் சங்க உறுப்பினர் ஒருவர்,
தோ பாயோ