திவாலான ஒப்பந்த நிறுவனத்தின் பணியிடத்தில் சிக்கிக் கிடக்கும் எங்கள் சென்ட்ரிங் பொருள்களை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கொத்து வேலை துணை ஒப்பந்ததாரர்கள் மற்றும் தொழிலாளர்கள்,
புதிய பேருந்து நிலைய வணிக வளாகக் கட்டடப் பணி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பூட்டிய பணியிடத்திலிருந்து, கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் எங்கள் ஜாக்கி, ஷீட், பலகைகளை எடுத்துச் செல்ல அனுமதி, முடித்த வேலைக்கு அளவெடுப்பு, தொழிலாளர் கூலி பாக்கி – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நீலத் தகரம் அடித்து மறைத்திருக்கும் கட்டடத்தைத் தாங்கள் அறிவீர்கள். அந்த வழியாகத்தான் தங்கள் வாகனம் அலுவலகம் வருகிறது. அந்த வேலையை எடுத்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்று, திவால் நடவடிக்கையை நடத்தத் தீர்வாளர் ஒருவரையும் நியமித்துவிட்டது. அதன் பிறகு கேட்டுக்குப் பூட்டுப் போட்ட பொறியாளர் அலுவலகம், இன்றுவரை அதைத் திறக்கவில்லை.

முதல் மனுவுக்கு மட்டும் ஒரு வரியில் பதில் வந்தது: "வழக்கு நிலுவையில் உள்ளதால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை." அதற்கடுத்த மனுக்களுக்கு அதுகூட வரவில்லை. எங்கள் குறைகளைப் பணிவுடன் மீண்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. முடித்த வேலைக்குரிய பணம் வரவில்லை. பில் போட்ட மாதமே ஜிஎஸ்டி கட்டிவிட்டோம். கைக்கு வராத பணத்துக்குக் கட்டிய அந்த வரியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழியில்லை.

2. திவால் சட்டம் 2016-இன்படி, படிவம் 'பி'யில் எங்கள் பாக்கியைத் தீர்வாளரிடம் பதிந்துவிட்டோம். அதில் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டு வங்கிகளுக்குத்தான். எங்களைப் போன்றவர்களின் பாக்கி எல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதம் இருந்தால் கூட்டத்தில் உட்காரலாம், ஓட்டு கிடையாது. நிறுவனம் கலைக்கப்பட்டால் 53-ஆம் பிரிவின் வரிசைப்படி நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் பெற்ற வங்கிகள், ஊழியர் சம்பளம், அடமானமில்லாக் கடன், அரசு பாக்கி எல்லாம் போன பிறகுதான் எங்கள் முறை வரும். அதற்குள் என்ன மிஞ்சும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அந்தப் பணத்துக்காக இங்கே வந்து நிற்கவில்லை.

3. நாங்கள் கேட்பது எங்கள் பொருளை. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது தாங்கள் முழுதாகப் படிக்க வேண்டும்.

கட்டடத்தின் கிழக்குப் பக்கம் முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்தாயிற்று. மேற்குப் பக்கம் ஷீட் அடித்து, கம்பி கட்டி, கவர் பிளாக் வைத்து, மறுநாள் கான்கிரீட் என்ற நிலையில் வேலை நின்றது. இரண்டு பக்கமும் கீழே நிற்கும் முட்டுகள் எங்களுடையவை. ஜாக்கி, ஸ்பேன், ஷீட், ரன்னர், பிளைவுட் எதுவும் அந்த நிறுவனம் வாங்கியதல்ல. பாதி எங்கள் சொந்தப் பொருள், நகையை வைத்து வாங்கியது. மீதி வாடகைக் கடையில் எடுத்தது.

கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள் அய்யா. கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456 தரக்குறியீட்டின்படி 6 மீட்டருக்கு மேல் நீளமான பீமுக்குக்கூட 21 நாளில் முட்டுகளைப் பிரிக்கலாம். அந்தக் கெடு தாண்டி மழைக்காலமே வந்து போய்விட்டது. முட்டுகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ஜாக்கியின் மரை துருவேறி இறுகிவிட்டது. இனி சுத்தியலால் தட்டினால்தான் திரும்பும், சிலது அதற்கும் அசையாது. மேற்குப் பக்கம் பிளைவுட் தண்ணீர் குடித்து உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து தொங்குகிறது. தகரத்தின் இடுக்கு வழியாக இதையெல்லாம் பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை.

வாடகைக் கடைக்காரருக்குத் தீர்ப்பாயமும் தெரியாது, திவாலான நிறுவனத்தின் மீது வழக்கு, வசூல் எதுவும் கூடாது என்ற தடைக்காலமும் தெரியாது. அவர் நோட்டில் நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. சில பொருள்களுக்கு வாடகை பாக்கியே புதிதாக வாங்கும் விலையைத் தாண்டிவிட்டது. பொருளைத் திருப்பாமல் வேறு பொருளும் தரமாட்டார். ஷீட்டும் ஜாக்கியும் இல்லாத சென்ட்ரிங்காரனை எந்த வேலைக்கு அய்யா கூப்பிடுவார்கள்? எங்களில் சிலர் சொந்தமாக ஆள் வைத்து வேலை செய்தவர்கள், இப்போது வேறொருவர் சைட்டில் தினக்கூலிக்குப் போகிறார்கள்.

4. "தடைக்காலம் இருக்கிறது, கை வைக்க முடியாது" என்கிறது பொறியாளர் அலுவலகம். திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவை நாங்களும் வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பார்த்தோம். நிறுவனத்தின் மீது வழக்கு, வசூல், ஜப்தி கூடாது என்கிறது. நிறுவனத்தின் கைவசம் உள்ள பொருளை அதன் உரிமையாளர் மீட்கக் கூடாது என்றும் 14(1)(டி) சொல்கிறது. சரி. ஆனால் எங்கள் பொருள் யார் கைவசம் இருக்கிறது? நாங்கள் அதை நிறுவனத்துக்கு வாடகைக்கு விடவில்லை, எங்கள் வேலையைச் செய்ய நாங்களே கொண்டுவந்தோம். இடம் அரசுடையது. சாவி பொறியாளர் அலுவலக மேசையில் இருக்கிறது. பிறருக்குச் சொந்தமான பொருள் திவாலான நிறுவனத்தின் சொத்தாகாது என்று அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு விளக்கமும் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் தீர்வாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாமே. அந்த ஒரு கடிதத்தைத்தான் இத்தனை மனுக்களிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

5. கூலி. கம்பி கட்டியவர்களுக்கும் சித்தாள்களுக்கும் கடைசி வாரங்களின் கூலி பாக்கி. எங்களால் முடிந்ததைக் கைக்காசிலிருந்து கொடுத்தோம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால், வேலையை அவருக்கு ஒப்பந்தம் விட்ட முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவு சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. இந்தக் கட்டடத்துக்கு முதன்மை வேலையளிப்பவர் யார் அய்யா? அரசுதானே?

6. நிறுவனம் வேலைக்காகக் கொடுத்த வங்கி உத்தரவாதம். வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடாகக் கொடுக்கும் இந்தச் செயல்திறன் உத்தரவாதத்துக்குத் தடைக்காலம் பொருந்தாது, திவால் சட்டத்தின் 3(31) பிரிவு அதை விலக்கியே வைத்திருக்கிறது. அதற்கு ஒரு கெடு தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் அலுவலகம் வங்கியிடம் கேட்காவிட்டால் அந்தப் பணமும் போய்விடும். அதில் எங்களுக்கு ஒரு பைசா வரப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறோம், ஏனென்றால் அது பொதுப் பணம், மீதி வேலையை முடிக்க உதவும் பணம். திவால் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது உண்மை. வேலையைச் செய்யாமல் விட்டதற்காக முறிக்கலாம் என்பதும் அதே ஆண்டு, அதே நீதிமன்றம் சொன்னதுதான். வழக்கு நிலுவை என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சட்டம் எங்கே சொல்கிறது?

7. அளவெடுப்பு. வேலை நின்ற அன்று எவ்வளவு முடிந்திருந்தது என்று எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில்) இன்னும் ஏற்றவில்லை. நாளைக்கு வேறு ஒப்பந்ததாரர் வந்து இதன் மேலேயே கட்டினால், எது யார் செய்த வேலை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தீர்வாளரிடம் நாங்கள் பதிந்த பாக்கிக்கும் இந்த அளவுதான் ஆதாரம்.

8. நாங்கள் தங்களிடம் கொடுக்கும் மனு, தங்கள் அலுவலகத்திலிருந்து நேராக அதே பொறியாளர் அலுவலகத்துக்குத்தான் போகிறது. யார் மீது குறை சொல்கிறோமோ அவர்களே அதற்குப் பதில் எழுதுகிறார்கள். அப்புறம் இணையத்தில் "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று காட்டுகிறது. எது அய்யா முடிந்தது? ஜாக்கி அங்கேயேதான் நிற்கிறது! கோபத்தில் எழுதுகிறோம் என்று தாங்கள் நினைத்தால் பொறுத்தருள வேண்டும். வீட்டில் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக் கடைக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நாங்கள். இந்த மனுவையாவது தயவுசெய்து அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிடாமல் தாங்களே விசாரிக்க வேண்டும்.

தாங்கள் ஒருமுறை வண்டியை நிறுத்தி அந்தத் தகரக் கதவைத் திறந்து பார்க்க வேண்டுமென்று கெஞ்சிக் கேட்கிறோம். தீர்வாளருக்குத் தகவல் கொடுத்து, வருவாய்த் துறை, பொறியாளர், எங்கள் தரப்பு மூவரும் இருக்க, பொருள்களைப் பட்டியலிட்டு எடுக்க ஒரு நாள் குறித்துத் தாருங்கள். கிழக்குப் பக்கத்து முட்டுகளைப் பொறியாளர் முன்னிலையில் பிரித்துக்கொள்கிறோம். மேற்குப் பக்கம் கட்டியிருக்கும் கம்பி எங்களுடையதல்ல, அதைக் கணக்கெடுத்து ஒப்படைத்த பிறகே ஷீட்டைக் கழற்றுகிறோம். கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். பிறகு யாராவது உரிமை கோரினால் பதில் சொல்லும் பொறுப்பும் எங்களுடையது.

அய்யா, பணத்துக்குத் தீர்ப்பாயத்தில் காத்திருக்கிறோம். பொருளை மட்டும் விடுவித்துக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணை ஒப்பந்ததாரர்கள் மற்றும் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: பொருள்களின் பட்டியல், வாடகைக் கடை ரசீதுகள், படிவம் 'பி' நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.