புறாமலைக்கு வெளியில இருக்கிற முருகைக்கல்லுகளையும் (பவளப்பாறை) காப்பாத்தித் தரச்சொல்லி ஒரு மனு

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

ஐயா, வணக்கம். நாங்க நிலாவெளி, இறக்கக்கண்டி, சல்லி பக்கம் சின்ன ஃபைபர் போட்டில தூண்டிலும் வலையும் போட்டுச் சீவிக்கிற ஆக்கள். ஆபீஸ் தமிழ் எங்களுக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறம், குறை நினைக்காதீங்க. கேக்கிறது இதுதான்: குச்சவெளியில இருந்து கொட்டியாரக்குடா வரைக்கும் இருக்கிற முருகைக்கல்லுகள்ல முக்கியமானதைத் தெரிஞ்செடுத்து பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியா அறிவிக்கணும், கோடு எங்க போடுறது எண்டதை எங்களையும் பக்கத்தில வச்சுக்கொண்டு முடிவெடுக்கணும்.

நிலாவெளிக் கடல்ல புறாமலைத் தீவு ஏற்கெனவே பாதுகாப்பில இருக்குத்தானே எண்டு கேப்பீங்க. இருக்கு. 1963ல சரணாலயமாக்கி 2003ல தேசியப் பூங்காவாக்கினது, மொத்தம் 471 ஹெக்டேர், ஐஞ்சு சதுர கிலோமீட்டர் கூட வராது. கலவாய்க்கும் விளமீனுக்கும் அந்தக் கோடு தெரியாது. 1998ல கடல் சூடாகி இலங்கையில மற்றப் பக்கம் கனக்க இடத்தில கல்லு வெளுத்துச் செத்தப்ப எங்கட பக்கத்துக் கல்லு பெரிசா அடிவாங்காமத் தப்பினது, பிறகு வந்த சூட்டில இதுவும் அடிவாங்கிட்டுது. கடல் சூடாகிறதைக் கச்சேரியால (மாவட்டச் செயலகத்தால) நிப்பாட்ட ஏலாது, வெடி போட்டு மீன் பிடிக்கிறதை நிப்பாட்டலாம்.

வெடி போட்ட மீனை எங்கட வீட்டுப் பொம்பிளையள் உடன கண்டுபிடிச்சிடுவாங்க. வெளியில பாத்தா பளபளவெண்டு புது மீன் மாதிரித்தான் கிடக்கும், வயித்தைக் கீறினா முள்ளந்தண்டு முறிஞ்சு ரத்தம் கட்டிப்போய் இருக்கும், சதை பிடிப்பில்லாம கொழகொழவெண்டு, ஐஸ்ல வச்சாலும் நிக்காது. காத்துப்பை வெடிச்ச மீன் மிதக்காம அடியில போயிடும், குதிச்சு எடுக்கிறது கொஞ்சம், மிச்சம் அங்கயே அழுகும். உடைஞ்ச கல்லு அலைக்கு அங்கயும் இங்கயும் உருண்டுகொண்டே கிடக்கிறதால அதில புதுசு ஒட்டி வளரவும் மாட்டுது, குஞ்சு மீன் ஒளிய இடமில்லாமப் போயிடும். 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்க கடற்றொழில் சட்டத்தில வெடி தடை எண்டு இருக்கு, ஆனா நாங்க ஃபோன் அடிச்சுச் சொல்லி ஆள் வாறதுக்குள்ள அவங்க போயிடுவாங்க.

டூரிஸ்ட் போட்டும் கல்லுக்கு மேலதான் நங்கூரம் போடுது. ஓடுறது எங்கட பெடியள்தான், மறைக்கேல்ல, போட்டைக் கட்ட மிதவை இல்லாட்டி அவங்களும் என்ன செய்யிறது. நீர் வத்தின நேரம் கல்லில ஏறி நிண்டு செல்ஃபி எடுக்கிறது (வெள்ளைக்காரரை விட நம்மட ஆக்கள்தான் கூட). பூங்கா டிக்கெட் காசில ஒரு பங்கை மிதவைக்கும், ஊர்ப் பெடியளைக் காவலுக்கு எடுக்கிறதுக்கும் ஒதுக்கித் தந்தா நல்லம்.

எங்களுக்கு ஒரு பயமும் இருக்கு. பாதுகாப்பு எண்டு சொல்லி கடைசியில தூண்டில்காரனைப் பிடிச்சு வழக்குப் போட்டுட்டு, சுருக்குவலைக்காரனும் லைட் போட்டுப் பிடிக்கிறவனும் எல்லைக் கோட்டுக்கு வெளியில நிண்டு அள்ளிக்கொண்டு போனா நாங்களே இதை எதிர்ப்பம். கரையில நிண்டு வலை இழுக்கிற கரைவலைப் பாடுகள்ல கை வைக்கக் கூடாது. வாடைக் காத்தில நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரைக்கும் எப்பிடியும் தொழில் குறைவு, மீன் முட்டை போடுற காலத்துக்கெண்டு நல்ல மாசத்திலயும் மூடினா வீட்டில உலை வைக்க ஏலாது, அந்த நாளுக்கு நிவாரணத்தையும் சேர்த்தே எழுதணும்.

அறிவிக்கிற அதிகாரம் அமைச்சரிட்ட இருக்கெண்டு தெரியும். மேல சொன்ன கடற்றொழில் சட்டத்திலயே கடற்றொழில் முகாமைத்துவப் பகுதி, ஒதுக்குப்பகுதி எண்டு அறிவிக்க வழி இருக்கு. 2030க்குள்ள கடல்ல 30 வீதத்தைக் காப்பாத்துறம் எண்டு 2022ல மொன்றியல்ல உலக நாடுகள் ஒத்துக்கொண்டதில இலங்கையும் ஒண்டு, அதால கொழும்புக்கு இது புதுக் கதையில்ல. இங்கயிருந்து ஒரு சிபாரிசு போனாத்தான் அங்க ஃபைல் அசையும். அதுக்கு கடற்றொழில், வனஜீவராசிகள், கரையோரம் பேணல் திணைக்களங்கள், நாரா (நீர்வாழ் உயிரின வள ஆராய்ச்சி நிறுவனம்), கடற்படை எல்லாரையும் கச்சேரிக்குக் கூப்பிட்டு, சங்கங்களையும் மீன் விக்கிற பொம்பிளையளையும் சேர்த்து ஒரு கூட்டம் வச்சுத் தாங்க. பின்னேரம் வச்சா நல்லம், விடிய நாங்க கடல்ல நிப்பம். கடிதம் தமிழ்லயும் வரட்டும்.

இப்படிக்கு,
நிலாவெளி, இறக்கக்கண்டி, சல்லி கடற்றொழில் குடும்பங்கள்