உன் எண்களைத் தட்டிப் பார்க்கக் கொடு

அன்பு மகனுக்கு,

குடிநீரைப் பற்றிய உன் ஆய்வுச் சுருக்கம் மாநாட்டுக்கு ஏற்கப்பட்டது என்று எழுதியிருந்தாய். ஆனால் அந்த வரிகளில் மகிழ்ச்சியைவிட மனக்குறைதான் அதிகம் தெரிந்தது. மேடையில் பேச வாய்ப்புக் கேட்டவனுக்கு, முடிவுகளைச் சுவரில் ஒட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் சுவரொட்டிதான் கிடைத்தது என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தம்பி, குடிநீர் ஆய்வகத்திலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம் துறையில் முதன்முறை மாநாட்டுக்குப் போகிறவனுக்குச் சுவரொட்டியைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் உனக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். ஒன்றிரண்டு கேள்விகளோடு மணி அடித்துவிடும், அடுத்தவர் ஏறிவிடுவார். சுவரொட்டிக்கு முன்னால் அப்படியில்லை. எண்களை நின்று படிப்பவர்கள் அங்கேதான் வருவார்கள்.

அப்படி ஒரு காட்சியை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழாய் வலையமைப்பின் கடைக்கோடியில் நீரின் தரம் எப்படி மாறுகிறது என்று ஒரு மாணவி அழகாக வரைபடம் போட்டிருந்தாள். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி வந்தார். வரைபடத்தில் மற்றவற்றிலிருந்து விலகி நின்ற ஒற்றைப் புள்ளியின் மேல் விரலை வைத்து, "இந்த மாதிரியை எடுக்கும்போது பாட்டிலைக் கழுவினார்களா?" என்று கேட்டார். மாணவிக்குப் பதில் தெரியவில்லை. மாதிரி எடுத்தவர் வேறொருவர்.

அந்தக் கேள்வியின் கனம் உனக்குத் தெரியும். நுண்ணுயிர்ச் சோதனைக்கான பாட்டிலின் அடியில் சோடியம் தயோசல்பேட் போட்டுத்தான் ஆய்வகம் அனுப்பும். நீரிலுள்ள குளோரினை உடனே செயலிழக்கச் செய்வதற்காக அது. விவரம் தெரியாதவர், மற்ற பாட்டில்களைக் கழுவும் பழக்கத்தில் இதையும் குழாய் நீரில் அலசிவிட்டால் அந்த உப்பு போய்விடும். பிறகு, வண்டியில் வரும் நேரமெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆய்வகத்தில் 'எதுவும் இல்லை' என்று முடிவு வரும். இதே தவறு, குளோரினால் நீரில் உண்டாகும் டிரைஹாலோமீத்தேன் என்ற சேர்மங்களைப் பார்க்கும் மாதிரியில் நடந்தால் விளைவு தலைகீழ்: பாட்டிலுக்குள்ளேயே வினை தொடர்ந்து, குழாயில் இருந்ததைவிட அதிகமான அளவு பதிவாகும். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதன் வாசலுக்கு வருமுன்பே எண் கெட்டுவிட்டது. இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குளோரினை அடக்கப் போடும் சேர்மமே நீ தேடும் துணைவிளைபொருள்கள் சிலவற்றை, அதாவது கிருமிநாசினி நீரில் உண்டாக்கும் சேர்மங்கள் சிலவற்றை, சிதைத்துவிடும். எதைப் போட்டாய், எவ்வளவு போட்டாய், எவ்வளவு நேரம் கழித்து அளந்தாய் என்பது உன் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். 'முறை' என்ற கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காதே.

மாநாட்டுக்கு முந்தைய நாள் பயிற்சிப் பட்டறை இருந்தால் அதற்கும் கட்டாயம் பெயர் கொடு. முனைவர் பட்ட மாணவனுக்கு, கிருமிகளைக் கொன்ற பிறகு நீரில் எஞ்சிய குளோரினை அளக்கவா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துவிடாதே. நல்ல பட்டறைகளில் ஒரே தொட்டி நீரை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்து, அளந்த மதிப்பைப் பலகையில் எழுதச் சொல்வார்கள். குளோரின் பட்டால் நிறம் மாறும் டிபிடி தூளைப் போட்டதும் எல்லோருடைய குப்பியிலும் இளஞ்சிவப்பு வரும். ஆனால் பலகையில் ஏறும் எண்கள் ஒன்றுபோல இருக்காது. அதன் பிறகு நடக்கும் பேச்சுதான் பட்டறை. ஒருவர் குப்பியின் வெளிப்பக்கத்தில் கைரேகை படிந்திருக்கும். இன்னொருவர் கண்ணாடியில் ஒட்டிய காற்றுக் குமிழியைக் கவனித்திருக்கமாட்டார். வேறொருவர் தூளைப் போட்டுவிட்டுத் தாமதமாகப் பார்த்திருப்பார். குளோரினோடு அம்மோனியா சேர்ந்து உண்டாகும் குளோராமைன் கலந்த நீரில் அந்தத் தாமதம் போதும். அம்மோனியாவோடு சேராத கட்டற்ற குளோரின் இல்லாத இடத்தில் அது இருப்பதாக நிறம் ஏறும். நீரில் ஆக்சிஜனேற்றம் அடைந்த மாங்கனீசு இருந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் கையேட்டில் படிக்கலாம். பலகையில் உன் எண் தனியாக நிற்கும்போதுதான் அது மனதில் பதியும்.

எண்ணைப் பிறர் முன்னால் வைப்பதற்கு இந்தத் துறையில் நீண்ட மரபு இருக்கிறது. உன் ஆய்வுப் பிரிவே அப்படித்தான் பிறந்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த யோஹன்னஸ் ரூக், குளோரின் கலந்த நீரில் டிரைஹாலோமீத்தேன்களில் ஒன்றான குளோரோஃபார்ம் உருவாகிறது என்று 1974இல் வெளியிட்டார். ஆற்று நீரிலுள்ள மட்கிய கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதுதான் காரணம் என்றும் சொன்னார். கிருமியைக் கொல்லப் போடும் மருந்தே இன்னொரு பொருளை உண்டாக்குகிறது என்பதைச் சொன்னவர் குடிநீர் வழங்கும் இடத்திலேயே வேலை பார்த்தவர். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் வேறொரு குழு தனியாக இதே முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1975இல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நீர்க் குளோரினேற்றத்தைப் பற்றித் தனி மாநாடே கூடியது. 1979இல் அமெரிக்கா டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்தது. கண்டுபிடிப்பிலிருந்து வரம்புக்கு ஐந்தே ஆண்டுகள். நம் துறையில் இது அபூர்வமான வேகம். எந்தத் தரப்பும் தன் அளவீடுகளைப் பூட்டிவைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி, உனக்கு நான் முக்கியமாகச் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடக்கும். ஓர் அறையில் துணைவிளைபொருள்கள், அடுத்ததில் குழாய் அரிப்பு, இன்னொன்றில் நுண்ணுயிரியல். மூன்று நாளும் உன் அறையிலேயே உட்கார்ந்துவிடுவது மிக எளிது. தெரிந்த முகங்கள், தெரிந்த சொற்கள், தெரிந்த கேள்விகள். அந்த வசதிக்குள் அடங்கிவிடாதே.

வாஷிங்டன் நகரத்தில் நடந்ததை நினைத்துப் பார். துணைவிளைபொருள்களைக் குறைப்பதற்காக 2000ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே குளோரினுக்குப் பதில் குளோராமைனுக்கு மாறினார்கள். உன் அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்குப்படி அது சரியான முடிவு. துணைவிளைபொருள்கள் குறையவும் செய்தன. ஆனால் அங்கே பல வீடுகளுக்குப் போகும் இணைப்புக் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. வலுவான குளோரின் இருந்தவரை அந்தக் குழாய்களின் உட்சுவரில் ஈய டையாக்சைடு படலமாகப் படிந்து கிடந்தது. குளோராமைனுக்கு அந்த அளவு ஆக்சிஜனேற்றத் திறன் இல்லை. படலம் கரையத் தொடங்கியது, ஈயம் நீரில் இறங்கியது. விஷயம் 2004இல் செய்தித்தாளில் வந்தபோதுதான் ஊரே அறிந்தது. குழந்தைகள் குடித்த நீர் அது. ஓர் அறையின் தீர்வு அடுத்த அறையின் நோயாக மாறியது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது. நீ ஆராய்வதும் குளோராமைன்தான். அதனால் குழாய் அரிப்பு அமர்வில் குறைந்தது ஒரு முழு அரைநாள் உட்கார். புரியாவிட்டாலும் உட்கார். தேநீர் இடைவேளையில் அவர்களில் ஒருவரைப் பிடித்து, "என் முறையைப் பின்பற்றினால் உங்கள் குழாய்க்கு என்ன ஆகும்?" என்று கேள்.

அதே இடைவேளையில் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களையும் தேடிப் போ. பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாக நிற்பதைப் பார்ப்பாய். எனக்கு அது எப்போதும் வலிக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறு ஊரில் 2000 மே மாதம், பெருமழையில் மாட்டுச் சாணம் கிணற்றுக்குள் இறங்கி 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். எஞ்சிய குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் என்று எழுதிவந்தது பிறகு நடந்த நீதி விசாரணையில் வெளிவந்தது. அந்தப் பதிவேட்டை வெளியிலிருந்து பார்த்திருந்தால் உனக்கோ எனக்கோ ஒன்றும் தோன்றியிருக்காது, ஒழுங்கான எண்கள் அல்லவா! ஆனால் அன்றாடம் குளோரின் அளக்கும் ஒருவருக்கு, நாள்தோறும் அதே இரண்டு மதிப்புகள் வருவது உறுத்தியிருக்கும். உயிருள்ள நீர் அப்படி நடந்துகொள்ளாது. பாக்டீரியாச் சோதனையின் முடிவு மறுநாள்தான் வரும், அதற்குள் ஊரே அந்த நீரைக் குடித்து முடித்திருக்கும். சில நிமிடங்களில் எச்சரித்திருக்கக்கூடியது அந்தக் குளோரின் அளவீடு. உலக சுகாதார நிறுவனம் தன் குடிநீர் வழிகாட்டியின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில், கடைசியில் குழாய் நீரைச் சோதிப்பதை மட்டும் நம்பாமல் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வீட்டுக் குழாய் வரை ஒவ்வொரு கட்டத்தையும் காவல் காக்கும் 'நீர்ப் பாதுகாப்புத் திட்டம்' என்ற முறையை முன்வைத்ததற்கும் இதுதான் அடிப்படை. இன்று பல பட்டறைகள் அந்தத் திட்டத்தைப் பற்றி நடக்கின்றன. நிலையத்தை இயக்குபவர் இல்லாத அறையில் அதைப் பேசிப் பயனில்லை.

மாநாட்டால் என்ன மாறிவிடும் என்று உன் அப்பா கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதில் 1995. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் நிலத்தடி நீரில் ஆர்சனிக் பற்றிக் கொல்கத்தாவில் பன்னாட்டு மாநாடு கூட்டினார்கள். மேற்கு வங்கத்தின் கிராமங்களில் நோயாளிகளையும் கிணறுகளையும் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்துச் சேர்த்த எண்கள் அங்கே உலகத்தின் முன் வந்தன. பிரச்சினை எல்லையோடு நிற்கவில்லை, வங்கதேசத்திலும் இருக்கிறது என்பதை உலகம் கவனிக்கத் தொடங்கியதில் அந்தக் கூட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கிருமி நிறைந்த குளத்து நீரிலிருந்து மக்களைக் காப்பாற்ற நல்ல மனதோடு இறக்கிய குழாய்க் கிணறுகள் அவை. அவற்றை இறக்கிய காலத்தில் ஆர்சனிக்கைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

எந்தெந்தக் கூட்டத்துக்குப் போவது என்று கேட்டிருந்தாய். ஆய்வகத்தாரும் நிலையப் பொறியாளர்களும் சேர்ந்து வரும் இடம் வேண்டுமென்றால் அமெரிக்க நீர்ப்பணிச் சங்கம் நடத்தும் நீர்த்தரத் தொழில்நுட்ப மாநாடு. கொள்கை, நிதி, அரசுகள் என்றால் 1991 முதல் ஸ்டாக்ஹோமில் நடக்கும் உலக நீர் வாரம். அது உனக்கு இப்போது அவசரமில்லை. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், என் கை கார்டன் ஆய்வு மாநாடுகளில் வரும் குடிநீர்த் துணைவிளைபொருள் கூட்டத்தைத்தான் காட்டும். சிறிய கூட்டம். படம் எடுக்கக்கூடாது, பதிவு செய்யக்கூடாது, அங்கே கேட்டதை வெளியே மேற்கோள் காட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. அதனால்தான் அச்சேறாத முடிவுகளையும் சரிவராத சோதனைகளையும் அங்கே திறந்து பேசுகிறார்கள். பிற்பகலைக் காலியாக விட்டுவிடுவார்கள், உரையாடுவதற்கென்றே.

உன் வரைவில் ஒரு திருத்தம் வேண்டும். அட்டவணையில் நான்கு இடங்களில் '0' என்று போட்டிருக்கிறாய். உன் கருவிக்குப் பூஜ்யம் தெரியாது. 'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்பதைப் பக்கத்தில் குறிப்பிடு. கள வெற்று மாதிரிகளின் மதிப்பையும் சேர். தூய நீரைக் களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவந்தபோது என்ன கிடைத்தது என்பதைக் காட்டாமல், லிட்டருக்கு நானோகிராம் அளவில் எதையும் நம்பச் சொல்ல முடியாது.

இனி எனக்காக ஒன்று செய். குளோராமைன் சிதையும்போது அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று உருவாகிறது என்று 1980களிலேயே கண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அதற்குப் பெயரில்லை. 2024இல்தான் அது குளோரோநைட்ரமைடு அயனி என்று உறுதிப்படுத்தினார்கள். அதன் நச்சுத்தன்மை பற்றி அப்போது எந்த ஆய்வும் இருக்கவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அது எங்கள் மாதிரிகளில் இருந்திருக்கிறது, எங்கள் அறிக்கையில் இல்லை. உன் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் அதைப் பற்றி ஓர் அமர்வு இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் வரிசையில் உட்கார்ந்து கேள். குழாயில் தங்கும் நேரம் கூடக்கூட அதன் அளவு எப்படிப் போகிறது, எந்த வெப்பநிலையில் அளந்தார்கள், மாதிரியை எப்படிப் பாதுகாத்தார்கள், இந்த மூன்றையும் குறித்து அன்றிரவே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா