கஞ்சாவைப் பற்றியும் கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகர். புது நோயாளி வந்ததும் சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, சிகரெட், ஹான்ஸ், குடி உண்டா என்று கேட்கிறீர்கள். அதே மூச்சில் கஞ்சாவையும் கேளுங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

எங்களிடம் வரும் பையன்கள் பலருக்கு வாய் கெட்டுப்போயிருக்கிறது. 25 வயதுகூட ஆகியிருக்காது, ஈறு வீங்கி, இறங்கி, பல்லின் வேர் தெரியும். ஈறோரமாகச் சொத்தை. டாக்டரிடம் போனாயா என்றால், "போனேன், கிளீனிங் பண்ணி விட்டாங்க" என்பான். கஞ்சாவைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, இவன் சொல்லவும் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.ஹெச்.சி. உமிழ்நீர்ச் சுரப்பியையே மந்தமாக்குகிறது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். அமிலத்தை அடக்குவதும், பல்லில் ஒட்டியதைக் கழுவி இறக்குவதும் உமிழ்நீர்தான். அது வற்றிய நேரம் பார்த்துத்தான் அகோரப் பசியும் எடுக்கும். கிரீம் பிஸ்கட், சாக்லெட், கூல்டிரிங்க்ஸ், அப்புறம் பல் துலக்காமல் தூக்கம். ராத்திரி முழுக்கச் சர்க்கரை பல்லிலேயே கிடக்கும்.

இங்கே பெரும்பாலும் சிகரெட்டுத் தூளோடு கலந்துதானே பிடிக்கிறார்கள், பழியைக் கஞ்சா மேல் போடலாமா? நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73 இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களுடைய ஈறுகளை 26 வயதிலும் 32 வயதிலும் சோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பல்லைத் தாங்கும் திசு புதிதாக விலகியது, கஞ்சா தொடாதவர்களில் 6.5 சதவீதத்தினருக்கு, அதிகம் பிடித்தவர்களில் 23.6 சதவீதத்தினருக்கு. புகையிலையின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் சற்று மேல். 2008 இல் வெளியான முடிவு இது. அதே ஆட்களின் நுரையீரல், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் 38 வயதில் பார்த்தபோது, கஞ்சாவோடு சேர்ந்து தெளிவாகச் சீர்கெட்டிருந்தது ஈறுதான். அதாவது உடலில் அந்தச் சேதத்தை முதலில் பார்க்கக்கூடிய டாக்டர் நீங்கள்.

ஊசி விஷயமும் இருக்கிறது. கஞ்சா இதயத் துடிப்பைக் கூட்டும். மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் இருந்தால் படபடப்பு இன்னும் ஏறலாம். பல் பிடுங்க ஒப்புக்கொள்ளும் மனத்தெளிவும் போதையில் இருக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2022 இல், சிகிச்சைக்கு வருமுன் கஞ்சா வேண்டாம் என்று நோயாளிகளைக் கேட்டுக்கொண்டது. அவர்களுடைய கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பல் மருத்துவர்கள், போதையோடு நோயாளிகள் வந்ததாகச் சொன்னார்கள்.

தயவுசெய்து மிகைப்படுத்திப் பயமுறுத்த வேண்டாம். கஞ்சாவால் வாய்ப்புற்று வரும் என்று, புகையிலையைச் சொல்வது போல அடித்துச் சொல்ல இன்றைய ஆய்வுகள் இடம் தரவில்லை. ஒரு பொய் தெரிந்துபோனால் மற்ற உண்மையையும் அவன் நம்ப மாட்டான். இறங்கிய ஈறைக் கண்ணாடியில் காட்டினாலே போதும்.

கேட்கும்போது அம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லுங்கள். "கஞ்சா பிடிக்கிற பழக்கம் உண்டா தம்பி? ஊசி போடுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், வேற யார்கிட்டயும் போகாது." இவ்வளவுதான். பெண்களிடமும் கேளுங்கள், அவர்களிடம் யாருமே கேட்பதில்லை. விட நினைக்கிறவர்களுக்கு 14446 என்ற இலவச உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு: புகையிலையை விடவைக்கும் மையங்கள் உங்கள் கல்லூரிகளில் இருக்கின்றன. அங்கே உட்காரும் மாணவர்களுக்கு இதையும் கேட்கப் பழக்குங்கள், கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேருங்கள். பையன்கள் எதற்குப் பயந்து மறைக்கிறார்கள் என்பதை மாணவர்களிடம் வந்து சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
போதை மீட்பு ஆலோசகர் ஒருவர்